ஆந்தை அலறினால் அச்சம் ஏன்?

கடந்த ஆண்டு ஒரு நாள் காலை. பள்ளி மணி அடிப்பதற்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பிஸ்கட் தகரம் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி என் மேசை முன்னால் வந்து நின்றான். தகரத்தின் மூடியில் ஆணியால் துளைகள் போட்டிருந்தான். உள்ளேயிருந்து பாம்பு சீறுவது போல ஒரு சத்தம் வந்தது.

“என்னப்பா இது?” என்றேன்.

“பேய்க்குஞ்சு சார். அப்பா அடிச்சுப் போடச் சொன்னாரு. எனக்கு மனசு வரல.”

மூடியைத் திறந்தேன். பஞ்சுப் பொதிபோல் வெள்ளைத் தூவி; குரங்கு முகம்போல் நீண்ட முகம்; இரண்டு கறுத்த கண்கள். கூகைக் குஞ்சு! மூன்று வாரத்துக் குஞ்சாக இருக்கலாம். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி என்னைப் பார்த்து மறுபடியும் சீறியது.

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. பையனுடைய பாட்டி பல மாதங்களாகப் படுக்கையில் இருந்தார். இரவில் வீட்டுக்கு எதிரே இருந்த பழைய புகைக்கொட்டகையிலிருந்து அலறல் கேட்டுக்கொண்டே இருந்ததாம். ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்ட கொட்டகை அது. இப்போது காலியாகக் கிடக்கிறது. “கிழவிக்கு நாள் குறிக்க வந்திருக்கிறது” என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, ஆண்கள் நான்கு பேர் கழி எடுத்துப்போய்க் கூரையடியில் இருந்த கூட்டைக் குத்திக் கலைத்துவிட்டார்கள். நான்கு குஞ்சுகளில் மூன்று கீழே விழுந்து செத்தன. நான்காவதுதான் பிஸ்கட் தகரத்தில் வந்தது.

சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் மட்டும் நடக்கும் காரியமா இது? தமிழர் வாழும் தோட்டங்கள் எதிலும் ஆந்தை அலறினால் கதவைச் சாத்துவதும், கல்லெடுத்து எறிவதும் பழகிப்போன சங்கதிகள். ஆகவேதான், வாசக அன்பர்களே, நம் வீட்டுக் கூரைக்கு மேலே இரவெல்லாம் குரல் கொடுக்கும் பறவை எது, அதை எப்படி அடையாளம் காண்பது, அது வந்தால் நமக்கு லாபமா நட்டமா என்பதை இந்தக் கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

சாவுக் குரல் என்ற பேச்சு

நம்மவர்கள் மட்டும் ஆந்தைக்குப் பயந்தவர்கள் அல்லர். மலாய்க்காரர்கள் ஆந்தையை ‘புரோங் ஹந்து’ என்கிறார்கள். பேய்ப்பறவை என்று பொருள். ஓர் ஆந்தையின் குரலை அவர்கள் ‘சாரிக் காஃபான்’ என்று சொல்வதுண்டு. பிணத்துக்குச் சுற்றும் துணியைக் கிழிக்கும் பறவை என்பது கருத்து. நம் பெரியவர்களோ ஆந்தை எத்தனை முறை அலறுகிறது என்று எண்ணிப் பார்த்துப் பலன் சொன்னார்கள். ஆனால் அதே ஆந்தையை வங்காளத்தில் லட்சுமியின் வாகனம் என்று வணங்குகிறார்கள். ஒரு நாட்டில் சாவைக் கொண்டுவரும் பறவை இன்னொரு நாட்டில் செல்வத்தைக் கொண்டுவருமா? இதிலிருந்தே குறை பறவையிடம் இல்லை, பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறது என்பது விளங்கும்.

சரி, நோயாளி இருக்கும் வீட்டருகே ஆந்தை அலறுவது ஏன் அடிக்கடி காதில் விழுகிறது? காரணம் மிகச் சுலபமானது. நல்ல உடம்போடு இருக்கும் வீட்டில் ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கணைத்துப் படுத்துவிடுகிறார்கள். ஆந்தை விடிய விடியக் கத்தினாலும் அவர்கள் காதில் விழாது. நோயாளி இருக்கும் வீட்டிலோ யாராவது ஒருவர் விழித்திருக்கிறார், விளக்கும் எரிகிறது. விளக்கைத் தேடிப் பூச்சிகள் வருகின்றன. பூச்சியைத் தின்னச் சிறு ஆந்தை வருகிறது. ஊரே தூங்கும்போது விழித்திருப்பவர் காதில் அந்தக் குரல் பெரிதாகக் கேட்கிறது. நோயாளி பிழைத்தால் ஆந்தையை மறந்துவிடுகிறோம். இறந்துவிட்டால் மட்டும், “அன்றைக்கே கத்தியதே!” என்கிறோம்.

எத்தனை வகை ஆந்தைகள்?

பயம் போக வேண்டுமானால் முதலில் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாத குரல்தான் பேய்க்குரல். தெரிந்துகொண்ட பின் அது அண்டைவீட்டுக்காரரின் குரல் மாதிரி. சிம்பாங் பூலாய்ச் சுற்றுவட்டாரத்தில் செம்பனைத் தோட்டம் உண்டு, பழமரங்கள் உண்டு, கோப்பெங் வரையில் பழைய ஈயக் குட்டைகள் உண்டு, சுண்ணாம்புக்கல் குன்றுகள் உண்டு, கேமரன் மலைக்கு ஏறும் சாலையும் உண்டு. இடத்துக்கு ஏற்ற மாதிரி ஆந்தையும் மாறும். ஆந்தையைக் கண்டால் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். தலையில் கொம்பு போன்ற இறகுக் கொத்து உண்டா? கண் மஞ்சளா, கறுப்பா? உருவம் மைனா அளவா, காக்கை அளவா, கோழி அளவா? குரல் எப்படி? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் பெரும்பாலும் ஆளைப் பிடித்துவிடலாம்.

முதலாவது, கூகை. செம்பனைக் காட்டில் இருப்பது இதுதான். முகம் வெள்ளையாக, வெற்றிலை வடிவில் இருக்கும். கொம்பு இல்லை. கண் கறுப்பு. வயிறு வெளுப்பு, முதுகு பொன்னும் சாம்பலும் கலந்த நிறம். கால்கள் நீளம். உயரம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். மோட்டார் சைக்கிள் வெளிச்சத்தில் சாலையைக் குறுக்கே கடந்தால் வெள்ளைத் துணி ஒன்று சத்தமில்லாமல் பறந்து போவது போலத் தோன்றும். ‘வெள்ளைச்சேலை கட்டிய மோகினி’ என்று நம் தோட்டங்களில் சொல்லப்படும் கதைகளில் பாதி இந்தக் கூகையால் பிறந்திருக்கும் என்பது என் எண்ணம்! இது ‘கூ’ என்று கூவாது. புதுத்துணியைச் சரக்கென்று கிழித்தாற்போல் கீச்சிடும். குஞ்சுகள் பசியில் குறட்டை விடுவது போலச் சீறும்.

இரண்டாவது, கொம்புள்ள சிற்றாந்தை. ரம்புத்தான், மாமரம், பலாமரம் உள்ள வீட்டுப்பக்கம் இருக்கும். மைனாவைவிடக் கொஞ்சம்தான் பருமன். காய்ந்த இலையின் நிறம். தலையில் இரண்டு சிறு கொம்புகள், கண் கரும்பழுப்பு. “வூக்” என்று மென்மையாக ஒரே சொல்லைச் சொல்லும்; சில விநாடி நிறுத்தி மறுபடியும் “வூக்”. இப்படியே கடிகாரம் அடிப்பதுபோல் மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும். இதைத்தான் நம்மவர் ‘எண்ணிப் பார்க்கிறார்கள்’. வண்டு, கரப்பான், வெட்டுக்கிளி ஆகியவையே இதற்குப் பிரதான உணவு.

மூன்றாவது, மீன் ஆந்தை. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய இடங்களெல்லாம் இன்று குட்டைகளாகக் கிடக்கின்றன. 1985-இல் ஈய விலை சரிந்தபின் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. குட்டைகளில் மீன் பெருகியது. அந்தக் கரைமரங்களில் கோழி அளவில், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளோடும், கண்ணாடிக் குண்டுபோன்ற மஞ்சள் கண்களோடும் அமர்ந்திருப்பது இதுதான். மலாயில் ‘கெத்தாம்பி’ என்பார்கள். காலில் இறகு இருக்காது. தண்ணீரில் கால் நனைத்து மீன், தவளை, நண்டு பிடிப்பவருக்குக் காலுறை எதற்கு? பெருமரங்களில் ஒட்டி வளரும் பறவைக்கூட்டுப் பெரணியின் நடுவே முட்டையிடுவதும் உண்டு.

நான்காவது, புள்ளிக் காட்டாந்தை. பழைய துரை பங்களா, ஆபீஸ் வாசல், சாலையோரம் ஆகிய இடங்களில் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரங்களை அண்ணாந்து பாருங்கள். கோழி அளவில், கொம்பில்லாமல், ஆரஞ்சுச் சாயை படிந்த முகமும் கறுத்த கண்ணுமாக, முதுகில் வெள்ளைப் புள்ளியும் வயிற்றில் கோடுகளுமாக இரண்டு சேர்ந்து உட்கார்ந்திருக்கலாம். “ஹுஹுஹு” என்று நடுங்கும் குரலில் தொடங்கி “ஹூ…” என்று நீண்ட அடிக்குரலில் முடிக்கும். இரவில் தனியாக நடப்பவருக்கு முதுகு சிலிர்க்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்!

ஐந்தாவது, பருந்தாந்தை. வட்ட முகம் இல்லை, வாலும் நீளம், பார்வைக்குச் சிறு பருந்து மாதிரி. கண் மஞ்சள். உயரம் 30 சென்டிமீட்டர் அளவு. காட்டோரங்களில் இருக்கும். இரண்டு சொல்லாக, இரண்டாவது சொல் மேலேறும்படி கூவும். மலாயில் இதற்குப் ‘புங்குக்’ என்று பெயர். குரலையே பெயராக வைத்துவிட்டார்கள். எட்டாத பெண்ணின்மேல் ஆசை வைத்தவனைப் பார்த்து, ‘நிலவுக்கு ஏங்கும் புங்குக் மாதிரி’ என்று மலாய்ப் பழமொழி கேலி செய்கிறது. ஆந்தைக்குச் சாவோடு மட்டுமன்றிக் காதலோடும் சம்பந்தம் உண்டு என்பதற்கு இதுவே சாட்சி.

ஆறாவது, மலைக்குள்ளன். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறிக் குளிர் தட்டும் உயரத்துக்குப் போனால் பகலிலேயே, ஒரே சுருதியில், “பூ… பூபூ… பூ” என்று குழல் ஊதுவது போலக் கேட்கும். வெறும் 15 சென்டிமீட்டர் உயரம். நம் மைனாவைவிடச் சிறியது. ஆனால் இதன் பிடரியில் இரண்டு கறுப்புப் பொட்டுகள் கண்கள் போலவே இருக்கும். பின்னாலிருந்து வரும் பகைவனுக்கு, ‘நான் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று சொல்வதுபோல் ஓர் ஏமாற்று.

ஒரு சந்தேகத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். இரவில் கட்டையில் சுத்தியலால் தட்டுவது போல “டொக்… டொக்… டொக்” என்று கேட்டால் அது ஆந்தை இல்லை. பக்கி என்னும் வேறொரு இராப்பறவை. மண்சாலையில் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். விளக்கொளி பட்டால் கண் நெருப்புத்துண்டு மாதிரி மின்னும். யாரும் சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கவில்லை, பயப்பட வேண்டாம்.

செம்பனைக்குக் கிடைத்த காவற்காரன்

இந்த ஆறில் நம் பிழைப்போடு நேரடிச் சம்பந்தமுள்ளது கூகைதான். இது நம் பாட்டன்மார் காலத்தில் தீபகற்பத்தில் அபூர்வமான பறவை என்றால் நம்புவீர்களா? மலாயாவில் வாணிப முறையில் முதல் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலாசிலாங்கூரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் போடப்பட்டது. பிறகு பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைப் பழத்தைத் தின்ன எலி வந்தது. எலியைத் தின்னக் கூகை வந்தது. இந்தத் தீபகற்பத்தில் கூகை கூடு வைத்துக் குஞ்சு பொரித்த முதல் பதிவு 1968-இல் ஜொகூரில், ஒரு செம்பனைத் தோட்டத்தில்தான் கிடைத்தது. அதன்பின் செம்பனை பரவிய வழியெல்லாம் கூகையும் பரவியது.

எலியால் எவ்வளவு நட்டம் தெரியுமா? எலியைக் கட்டுப்படுத்தாத இடத்தில் நூற்றுக்கு 5 பங்கு எண்ணெய் வரை இழப்பாகலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் தாய்மார்கள் சிலருக்குச் செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவிய வேலை நினைவிருக்கும். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டபின் அந்த வேலை நின்றுபோயிற்று. வண்டே மகரந்தம் சேர்த்துவிடுகிறது. அந்த வண்டின் புழுவையும் ஆண்பூவிலிருந்து எலி தோண்டித் தின்கிறது. ஆக, எலி பழத்துக்கும் பகை, பூவுக்கும் பகை. குடியிருப்புக்குள் வந்தால் அரிசி மூட்டைக்குப் பகை. அதன் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வந்தால் நம் உயிருக்கே பகை.

இந்த எலியைத்தான் கூகை தின்கிறது. 1970-களில் மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் கூகையின் உணவை ஆராய்ந்தபோது அதில் நூற்றுக்கு 98-க்கு மேல் எலிகளாகவே இருந்தன. ஒரு ஜோடியும் அதன் குஞ்சுகளும் சேர்ந்து ஆண்டுக்கு 1,000-க்கு மேல் எலிகளைத் தீர்த்துவிடும். கூலி கேட்காது, விடுப்பு எடுக்காது, பிரட்டுக் களத்துக்கும் வராது! அதனால்தான் பல தோட்டங்களில் 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒன்று என்று கம்பத்தின்மேல் மரப்பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். செம்பனை மரத்தில் பொந்து இருக்காது. ஆகவே பெட்டி கொடுத்தால் கூகை குடிவந்துவிடும். அந்தப் பெட்டியை ‘பேய்ப்பெட்டி’ என்று சொல்லிக் கல்லெறியும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும்.

இருட்டில் எலியை எப்படிப் பிடிக்கிறது? அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் பெய்ன் கும்மிருட்டு அறையில் கூகையை வைத்துச் சோதனை செய்து, 1971-இல் முடிவுகளை வெளியிட்டார். தரையில் காய்ந்த இலைகளைப் பரப்பி எலியை விட்டார். சருகின் சத்தத்தை மட்டும் கேட்டே கூகை பாய்ந்து பிடித்தது. எலி அளவில் ஒரு தாளுருண்டையை இழுத்தபோது அதன்மேலும் பாய்ந்தது! கூகையின் இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. அதனால் சத்தம் வலமா இடமா என்பதோடு, மேலா கீழா என்பதும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. அந்த வெற்றிலை முகம் அழகுக்காக அமைந்ததன்று. சத்தத்தைக் குவித்துக் காதுக்கு அனுப்பும் தட்டு அது.

“ஆந்தை மாதிரி விழிக்காதே” என்று வகுப்பில் பிள்ளைகளைத் திட்டுவது ஆசிரியர்களான எங்கள் வழக்கம். பாவம், ஆந்தை விழிப்பதற்குக் காரணம் உண்டு. அதன் கண்ணை நம்மைப்போல் உருட்ட முடியாது. குழலில் பொருத்திய கண்ணாடிபோல் மண்டையோட்டில் நிலையாக இருக்கிறது. எனவே கழுத்தைத்தான் திருப்ப வேண்டும். மனிதக் கழுத்தில் 7 எலும்புகள். ஆந்தைக் கழுத்தில் 14. ஒரு பக்கமாக 270 பாகை வரை திருப்பிவிடும். விவரம் தெரிந்தபின் நான் அந்தச் சொல்லால் பிள்ளைகளைத் திட்டுவதை விட்டுவிட்டேன்.

எலிக்கு வைத்த நஞ்சு

கூகைக்குக் கல்லைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அது எலி நஞ்சு. முன்பு வார்பரின் என்னும் மருந்தை வைத்தார்கள். எலிகள் அதற்குப் பழகிவிட்டன என்று 1980-களில் புரோடிஃபாகூம் போன்ற கடுமையான மருந்துகள் வந்தன. நஞ்சு தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரிகிறது. தள்ளாடும் எலி கூகைக்குச் சுலபமான இரை. எலியின் உடம்பிலிருக்கும் நஞ்சு கூகையின் உடம்பில் சேர்ந்து, உள்ளே இரத்தம் கசிந்து அதுவும் மாண்டுபோகிறது. இந்தப் புதுமருந்துகள் வந்தபின் தோட்டத்தில் கூகைகள் குறைந்ததைப் பற்றி டக்கெட் என்பவர் 1984-இல் ‘பிளாண்டர்’ இதழில் எச்சரித்து எழுதினார்.

இதில் தோட்ட நிர்வாகத்துக்கு மட்டுமன்றி நமக்கும் பங்கு உண்டு. கடையில் வாங்கும் எலிப்பாஷாணத்தை வீட்டைச் சுற்றித் தாராளமாகப் போடுகிறோம். முடிந்தவரை எலிப்பொறி வையுங்கள். குப்பையை மூடி வையுங்கள். செத்த எலியைப் புதருக்குள் வீசாமல், கையுறை போட்டுக் குழிதோண்டிப் புதையுங்கள். இது கூகைக்கும் நல்லது, நம் வீட்டுப் பூனைக்கும் நாய்க்கும் நல்லது.

பார்க்கப் போவோமா?

ஆந்தை பார்க்கப் பணம் வேண்டாம்; பொறுமை போதும். நம் ஊரில் பொழுது சாய்வது ஏழு, ஏழரை மணிக்கு. அப்போதிலிருந்து ஒரு மணி நேரம் நல்ல சமயம். பெரியவர் ஒருவர் துணையோடு போக வேண்டும். எலி இருக்கும் செம்பனைக் காட்டில் நாகமும் இருக்கும். ஆகவே முழங்கால் வரையில் பூட்ஸ் அணிவது அவசியம்.

முதலில் பகலில் அடையாளம் தேடுங்கள். மரத்தடியிலோ கொட்டகைத் தரையிலோ சுண்ணாம்பு கொட்டியதுபோல் எச்சம் கிடந்தால் அண்ணாந்து பாருங்கள். பக்கத்தில் கறுப்பாகக் கட்டைவிரல் பருமனில் உருண்டைகள் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். அது ஆந்தை கக்கிய உருண்டை. எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டிக் கக்கிவிடும். காக்கைகளோ மைனாக்களோ ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி இரைச்சலிட்டாலும் அங்கே ஆந்தை இருக்கலாம். பகலில் காக்கை கூகையை வென்றுவிடும் என்று திருவள்ளுவர் ‘காலமறிதல்’ அதிகாரத்தின் முதற்குறளிலேயே சொல்லிவைத்தார். அரசனுக்குச் சொன்ன உவமை, ஆந்தை தேடுகிற நமக்கும் வழிகாட்டுகிறது.

இரவில் போனதும் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும், காது திறக்கட்டும். டார்ச் லைட்டின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். அப்படியும் பறவையின் முகத்தில் நெடுநேரம் அடிக்கக் கூடாது. கைப்பேசியில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு அதை அழைக்கும் விளையாட்டும் வேண்டாம். பகை வந்துவிட்டதென்று அது வேட்டையை விட்டு அலைந்துபோகும். கூடு தெரிந்தால் தள்ளி நின்று பார்த்துத் திரும்பிவிடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், இடம், நிலவு உண்டா இல்லையா, குரல் எப்படி, கண்ணின் நிறம் என்ன என்று எழுதி வையுங்கள். ஓராண்டு எழுதினால் உங்கள் ஊர் ஆந்தைகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆர்வமுள்ள இளைஞர்கள் 1940-இல் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைக் கழகத்தோடு தொடர்பு கொள்ளலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தைகள் பாதுகாக்கப்பட்ட பறவைகள். பிடிப்பதும் கொல்வதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். அடிபட்ட ஆந்தையைக் கண்டால் பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்குத் துறைக்குத் தெரிவியுங்கள்.

பாட்டி சொன்ன பதில்

இனி, பிஸ்கட் தகரத்துக் கதைக்கு வருகிறேன். விவரம் தெரிந்தவர்களைத் தொலைபேசியில் கேட்டேன். தாயும் தந்தையும் பக்கத்திலேயே இருப்பதால் குஞ்சை அதே இடத்தில் வைத்துவிடுவதே நல்லது என்றார்கள். அன்று மாலையே பழப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு பையனோடு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தந்தை வாசலிலேயே மறித்தார். “சார், உங்களுக்குப் படிப்பு. எங்களுக்கு வீட்டுல உசிரு” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாயைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்தவர் கையில் கிடைத்த கழியை எடுத்தார், அவ்வளவுதான்.

அப்போது உள்ளேயிருந்து பாட்டி கூப்பிட்டார். கட்டிலருகே போனேன். தகரத்தைத் திறந்து காட்டச் சொன்னார். பார்த்துவிட்டுப் பொக்கை வாயால் சிரித்தார்.

“வாத்தியாரே, நாப்பது வருஷம் விடியக்காலை இருட்டுல பால்வெட்டப் போனேன். தலையில விளக்கு, கையில உளி. தெனம்தான் ஆந்தை கத்துச்சு. அது கத்துனதுக்கெல்லாம் நான் சாகணும்னா எத்தன தடவ செத்திருக்கணும்? குஞ்ச கொண்டுபோயி அதோட ஆத்தாகிட்ட விடுங்க.”

தந்தை மறுபேச்சுப் பேசவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டதும் அவர்தான். பழப்பெட்டியைக் கொட்டகையின் உத்தரத்தில் கட்டி, குஞ்சை அதில் விட்டோம். இருட்டியபின் எட்டி நின்று பார்த்தோம். எட்டரை மணி இருக்கும். வெள்ளையாக ஒன்று சத்தமே இல்லாமல் வந்து பெட்டியில் இறங்கியது. அலகில் எலி. பையன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

ஐந்தாறு வாரத்தில் குஞ்சு பறந்துபோயிற்று. அதுவரையில் கொட்டகைத் தரையில் கிடைத்த கக்கல் உருண்டைகளை, கையுறை போட்டு வெந்நீரில் ஊறவைத்து, இடுக்கியால் பிரித்து, எலி மண்டையோடுகளைக் கறுப்பு அட்டையில் ஒட்டி அறிவியல் பாடம் நடத்தினோம். எண்ணிக்கை 41 வந்தது. அந்த அட்டை இன்றும் வகுப்புச் சுவரில் தொங்குகிறது.

பாட்டி அதற்கு அடுத்த மாதம் காலமானார். அப்போது கொட்டகையில் ஆந்தை இல்லை, அலறலும் இல்லை. சாவு வீட்டில் பையன் என்னிடம் வந்து மெல்லிய குரலில், “சார், ஆந்தை இல்லாமலே பாட்டி போயிட்டாங்க” என்றான். “ஆமாப்பா” என்றேன். வேறு சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆகவே, தாய்மார்களே, பெரியோர்களே! இன்றிரவு உங்கள் வீட்டருகே ஆந்தை அலறினால் கதவைச் சாத்தாதீர்கள், கல்லையும் தேடாதீர்கள். பிள்ளையைக் கைப்பிடித்து வாசலுக்கு அழைத்து வாருங்கள். துணி கிழிகிற சத்தமா, ஒற்றைச் சொல்லா, இரட்டைச் சொல்லா என்று கேட்கச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரிந்த பறவையைப் பார்த்து எந்தப் பிள்ளையும் பயப்படாது. கல்லெறியவும் கை வராது.